கதவைத் தட்டி எண்ணிய மாத்திரைகள்

சென்னையில் மின்சார ரயிலில் தெற்கே போகிறவர்களுக்குத் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் ‘தாம்பரம் சானடோரியம்’. 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர் அது. ஊருக்கு வெளியே நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு, அருகிலேயே செவிலியர். இவை இருந்தால்தான் டி.பி. தீரும் என்று உலகம் முழுக்க நம்பிய காலம்.

பிறகு மருந்துகள் வந்தன. நம்பிக்கை மட்டும் மாறவில்லை. நோயாளிகளின் கூட்டத்துக்கு முன் சானடோரியப் படுக்கைகள் எம்மாத்திரம்? இடம் கிடைக்காதவர்கள் ஒண்டுக்குடித்தன வீடுகளில் இருமிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கலாம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் கூடியவர்கள் அப்படிச் செய்யவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த ஆய்வு அது. பொறுப்பேற்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

நகரத்து ஏழைகள் 193 பேர் சேர்க்கப்பட்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் முடிவுசெய்யவில்லை. குலுக்கல் போன்ற முறை முடிவுசெய்தது. இதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. மருத்துவரிடம் விட்டிருந்தால், மெலிந்து கிடப்பவரைப் பார்த்து மனம் இளகிச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். கடைசியில் ஒப்பிடுவது இரண்டு சிகிச்சைகளையா, இரண்டு வகை நோயாளிகளையா என்று தெரியாமல் போயிருக்கும். இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்தான்: ஐசோனியாசிட், பாஸ். ஓராண்டுக் காலம்.

வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறாரா? அதற்கு விடை தேடி, சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள். மீதமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி, அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் மருந்தின் பெயரையும் ஆய்வாளரின் பெயரையும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அந்தச் சந்துகளில் நடந்த கால்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வின் ஒரு எண்ணைக்கூட நம்பியிருக்க முடியாது.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. இத்தனை பேரை மட்டும் வைத்துப் பார்த்த ஆய்வில் இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியதுதான். வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது அரைகுறை, பலர் வேலைக்கும் போனார்கள், நெரிசலில் படுத்தார்கள். இருந்தும் தேறினார்கள். கூட வசித்த குடும்பத்தாருக்கு இதனால் அதிகமாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை. வீட்டுச் சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியதற்கு வித்திட்டது இந்த ஆய்வு. அன்றைய சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா? அந்த ஆய்வு கேட்டது, மருந்து சரியாகச் சேர்ந்தால் நோயாளி வீட்டிலேயே குணமாவாரா என்பதைத்தான். குடும்பத்தாருக்கு நோய் வராமல் காக்க உணவு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஜார்க்கண்டில் தனியே ஒரு ஆய்வு நடந்தது. 2023-இல் வெளியான அதன் முடிவின்படி, நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப்பொருள் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஒரு ஆய்வின் பதிலை அது கேட்காத கேள்விக்குப் பொருத்திவிடுவது, மருத்துவமனைகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

யார் வீட்டுக்குப் போகலாம், யார் மருத்துவமனையில் தங்க வேண்டும் என்று பிரித்தறியும் வேலை இன்று தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் கைக்கு வந்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவரை மருத்துவப் பணியாளர் சில நிமிடங்களில் அளந்து பார்க்கிறார். எடை, உயரம், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு. கடைசியாக, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். நிற்க முடியாதவருக்கு மருத்துவமனையில் உடனே படுக்கை தேட வேண்டும். மற்ற அளவுகளும் சரியாக இருப்பவர் மருந்தோடு வீட்டுக்குப் போகலாம்.