மலகவாட்ச் மர ஆலயமும் அதன் மரபுச் செல்வமும்

கனடா நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவின் நடுவே பிராடோர் என்னும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் கரையில், மலகவாட்ச் என்ற சிற்றூரில், ஸ்காத்லாந்து மேட்டுநிலத்தினின்று குடியேறிய மக்கள் 1874ஆம் ஆண்டில் மரத்தால் ஆலயம் ஒன்றை எழுப்பினர். 2003ஆம் ஆண்டில் அவ்வாலயம் தான் நின்ற இடத்தினின்று பெயர்க்கப்பட்டு, மிதவைக் கலத்தில் ஏற்றப்பட்டு, ஏரியைக் கடந்து, அயோனா என்ற ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. மக்கள் அருகிப்போன கிராமச் சபைகளின் ஆலயங்களை என் செய்வது என்பது மேனாட்டுத் திருச்சபைகளுக்கு மட்டும் உரிய வினா அன்று. ஆகவே இவ்வாலயத்தின் மரபுச் செல்வம் யாது, அதில் எவ்வளவு அக்கலத்தில் ஏறிச் சென்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கட்டடத்தைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. காடு அருகில் இருந்தது; படகு கட்டும் தச்சர்களும் இருந்தனர். உத்தரங்களைப் பொருத்திச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் பலகை வேய்ந்து, கல்வரிசையின்மீது அமர்த்தும் இவ்வகைக் கட்டடங்களை வேண்டும்போது பெயர்த்து நகர்த்தலாம். வீடுகளைப் பனிக்கட்டியின்மேல் இழுத்துச் செல்வதும் அப்பகுதியில் புதுமையன்று. இவ்வாலயங்களின் உள்ளமைப்பிலோ ஓர் இறையியல் உண்டு. கண்ணைக் கவரும் உருவங்கள் இல்லை. அருளுரை மேடையே நடுவிடத்தைப் பெற்றது. திருமறை விளக்கப்படுவதைக் கேட்பதே வழிபாட்டின் உயிர்நாடி என்ற சீர்திருத்தச் சபைக் கொள்கையை அம்மேடை பறைசாற்றியது.

எனினும், இம்மக்களின் வழிபாட்டு வாழ்வில் தலைசிறந்தவை கூரையின்கீழ் நிகழவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. குருத்துவ அபிஷேகம் பெற்ற ஊழியர்கள் மிக அரியராயிருந்த தொடக்க காலத்தில் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசிமார். 1830களில் எடின்பரோ நகரப் பெண்மணிகளின் சங்கம் ஒன்று கேலிக் மொழி அறிந்த போதகர்களையும் உபதேசிமாரையும் இத்தீவுக்கு அனுப்பிற்று. வீடுகளில் கூடிய மக்களுக்கு அவர்கள் வேதம் வாசித்து, வினாவிடை கற்பித்தனர். நம் நாட்டுக் கிராமச் சபைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று.

திருவிருந்தோ ஆண்டில் ஒரு முறை அல்லது இரு முறையே நடைபெற்றது. பல ஊர்களினின்று மக்கள் படகிலும் கால்நடையாகவும் வந்து, ஐந்து நாட்கள் தங்கினர். வியாழன் உபவாச நாள். வெள்ளியன்று, மெய்யான விசுவாசியின் அடையாளங்கள் யாவை என்ற வினாவைப் பற்றிப் பக்தியிற் சிறந்த பொதுநிலையினர் எழுந்து பேசினர். போதகர்கள் கேட்டிருந்து இறுதியில் தொகுத்துரைத்தனர். சனி ஆயத்தநாள், ஞாயிறு திருவிருந்து, திங்கள் நன்றியறிதல். கூட்டம் ஆலயத்திற் கொள்ளாதாகையால் புல்வெளியிலே மேடை அமைத்துப் பிரசங்கித்தனர். மூப்பர் மன்றம் ஆராய்ந்து அளித்த சிறு உலோக வில்லையைக் கொண்டுவந்தவரே பந்தியில் அமரலாம். தம்மைத் தகுதியற்றவரென எண்ணி, வாழ்நாள் முழுவதும் பந்தியை அணுகாமலே இறந்த பக்தர்களும் உண்டு. அருளின் விருந்து அச்சத்தின் விருந்தாக மாறியதோ என நாம் ஐயுறுகிறோம். ஆயினும், யார் வேண்டுமாயினும் எவ்வாறு வேண்டுமாயினும் வரலாம் என்று இந்நாளில் நாம் காட்டும் அசட்டைக்கு அவர்களைக் குறைகூறும் உரிமை இல்லை.

பாடலும் அவ்வாறே. இசைக்கருவி இல்லை. முன்பாடகர் சங்கீதத்தின் ஓர் அடியை நீட்டி இசைக்க, சபையார் அவ்வடியைத் தத்தம் குரல் வளைவுகளுடன் திரும்பப் பாடுவர். இது ஏட்டில் எழுதிவைக்க இயலாத கலை. கேட்டுப் பழகிய காது அற்றுப்போனால் அதுவும் அற்றுப்போம்.

சபைப் பிரிவுகளும் இணைப்புகளும் இவ்வேரிக்கரையைத் தொடாமல் விடவில்லை. 1843இல் ஸ்காத்லாந்துத் திருச்சபை பிளவுண்டபோது, கேப் பிரெட்டன் பிரஸ்பிட்டேரியர்களில் பெரும்பாலார் சுயாதீன சபையின் பக்கம் நின்றனர். சென்னையில் கல்விப்பணி புரிந்த ஜான் ஆண்டர்சனும் அதே முடிவையே மேற்கொண்டார். மலகவாட்ச் ஆலயம் எழுந்த மறு ஆண்டே, 1875இல், கனடாவின் பிரஸ்பிட்டேரியச் சபைகள் ஒன்றாயின. 1925இல் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனலாரும் சேர்ந்து கனடா ஐக்கிய சபை உருவாகியபோது, பிரஸ்பிட்டேரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இணைய மறுத்தனர். பல ஊர்களில் ஒரே குடும்பத்தார் இரு ஆலயங்களுக்குப் பிரிந்து சென்றனர். மலகவாட்ச் சபையார் ஐக்கிய சபையிற் சேர்ந்தனர். 1908இலும் 1947இலும் இத்தகைய இணைப்புகளைக் கண்ட நமக்கு, அவற்றின் ஆதாயத்தோடு இழப்பும் தெரியும்.

மற்றொன்றும் கூறவேண்டும். மலகவாட்ச் என்பது கேலிக் சொல் அன்று. மிக்மாக் என்னும் ஆதிகுடியினரின் சொல். அங்கு இன்றும் அவர்களுக்குரிய ஒதுக்கீட்டு நிலம் உண்டு. தம் மேட்டுநிலத்தினின்று பலர் துரத்தப்பட்டதை நினைந்து அழுத மக்கள், தாம் வந்து குடியேறிய நிலம் யாருடையது எனக் கேட்டது அரிது. ஆலயத்தின் மரபைப் போற்றுவோர் இம்மௌனத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

ஆகவே, கலத்தில் ஏறியவை உத்தரம், பலகை, சாளரங்கள் முதலியன. மூப்பர் மன்றம் ஏறவில்லை. ஐந்து நாட் கூட்டமும் ஏறவில்லை. ஆயினும் இடமாற்றம் வீண் எனக் கூறோம். மக்களற்ற கரையில் மழைக்கும் பனிக்கும் இரையாவதினும் இது மேல். அயோனாவைச் சூழ்ந்த ஊர்களோ பெரும்பாலும் பார்ரா தீவினின்று வந்த கத்தோலிக்கருடையவை. அவர்களும் மலகவாட்ச் மக்களும் பேசியது ஒரே கேலிக். ஆனால் ஓர் ஆலயத்தில் ஒருங்கே கூடியதில்லை. இப்பொழுது அந்தப் பிரஸ்பிட்டேரிய ஆலயம் கத்தோலிக்க ஊரின் குன்றின்மேல் நிற்கிறது. இரு மரபினரின் வழித்தோன்றல்களும் அதன் வாயிலுள் நுழைகின்றனர்.