15 வருடம் வளர்ந்த மரம்... கிடைப்பதோ ஒரு டம்ளர் பால்!

மரம் நட்டு 10 முதல் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்புறம் அது தருவது சுமார் 200 மில்லி பால். பெரிய டம்ளர் ஒன்றுகூட நிறையாது! கொடுத்த கையோடு மரத்தையே வெட்டிவிடுகிறார்கள்.

ஜப்பானின் 'உருஷி' மரத்தின் கதை இது. சூப் கிண்ணம் முதல் கோயில் தூண் வரை அங்கே பளபளக்கும் பூச்சுக்கு மூலப்பொருள் இந்தப் பால்தான். நம்மூர் அரக்கு பூச்சியிடமிருந்து வருவது, இது மரத்திலிருந்து.

இவாதே மாகாணத்தின் ஜோபோஜி பகுதி இதற்குப் பேர்போனது. ஜூனில் வேலை தொடங்கும். பட்டையைச் சுரண்டி, வளைந்த கத்தியால் ஒரு கோடு கீறுவார்கள். கசியும் பாலை அங்கேயே நின்று வழித்தெடுக்க வேண்டும். ரப்பர் மரம்போல சிரட்டை கட்டிவிட்டு நகர முடியாது. அடுத்த கீறலுக்கு முன் மரத்துக்குச் சில நாள் ஓய்வு உண்டு. பிறகு, முந்தையதைவிடச் சற்று நீளமாக இன்னொரு கோடு. இப்படியே இலையுதிர் காலம் வரை.

பால் பட்டால் தோல் தடித்து அரிக்கும். சேராங்கொட்டையின் குடும்பமாச்சே, சும்மா விடுமா!

ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி சீன இறக்குமதிதான். ஆனால், தேசியப் பொக்கிஷக் கட்டடங்களைப் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியே வேண்டும் என 2015-ல் அரசு அறிவித்தது. தேவை எகிறிவிட்டது. மரங்களும், கீறத் தெரிந்த கைகளும்தான் குறைவு. 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த ஜப்பானிய மரக்கட்டடக் கலைகளில் இந்தத் தொழிலும் ஒன்று.

வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிர் மரமாகிப் பால் தர, மீண்டும் பத்துப் பதினைந்து வருடம்.