வங்கிக் கோப்பும் வீட்டுக் கணக்கும்



எமது வானொலியின் இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், வங்கி தரும் கணக்குக் கோப்பை எமது வீட்டுக் கணனியில் உள்ள கணக்கு மென்பொருளுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதாகும். காதால் கேட்டு நினைவில் வைத்திருக்கக் கூடிய விடயம் அல்ல என்பதால் அதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

தொடங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் அயலவர்களோடு இதைப்பற்றிக் கதைத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "அண்ணை, நெற்பாங்கைத் திறந்தால் எல்லாம் இருக்குது. பிறகு ஏன் நாங்கள் தனியாக ஒரு கணக்கு வைக்கவேணும்?"

வங்கிக்குத் தெரியாதது

வங்கிக்குத் தெரிந்தவை மூன்று: எவ்வளவு, எப்போது, யாருக்கு. எதற்காக என்பது வங்கிக்குத் தெரியாது. பணம் அனுப்பும் நிறுவனத்துக்கு 4,000 குரோணர் போனது என்று வங்கி காட்டும். அது அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கா, தம்பிக்குக் கொடுத்த கடனா, ஊரில் வீட்டுக் கூரை திருத்தவா என்று அதில் இராது. வங்கி இயந்திரத்தில் எடுத்த காசு எங்கே போனது என்றும் இராது. வங்கியை மாற்றி, பழைய கணக்கை மூடினால் அதன் விபரங்கள் உங்கள் நெற்பாங்கிலிருந்தும் போய்விடும்.

தொண்ணூறுகளில் கட்டணச் சீட்டுகளைக் கடித உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிய காலத்தில், எம்மவர் பலர் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். உறைக்குள் எதை வைத்தோம் என்று நினைவிருக்க வேண்டுமே. பிறகு நெற்பாங்க் வந்தது, 2004இல் பாங்க்-ஐடி வந்தது, 2015இல் விப்ஸ் வந்தது. பணம் அனுப்புவது இலகுவாக இலகுவாகக் கொப்பி மறைந்துவிட்டது. கொப்பியில் இருந்த "எதற்காக" என்ற சொல்லும் அதோடு போய்விட்டது.

இதனால் என்ன நட்டம்? நோர்வேயின் 2018ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, ஏன் என்று வாடிக்கையாளரைக் கேட்கும் கடமை வங்கிக்கு உண்டு. நோர்வேயில் நிலையாக வாழ்பவர் வெளிநாட்டில் உள்ள வீடு, காணி, வங்கி வைப்பு ஆகியவற்றை வரி அறிக்கையில் காட்டவும் வேண்டும். ஐந்து வருடமாகச் சிறுகச் சிறுக அனுப்பியதில் எவ்வளவு வீட்டுக்குப் போனது, எவ்வளவு பெற்றோரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போனது என்று ஒருநாள் சொல்லவேண்டி வரலாம். அதைவிடப் பெரியது இன்னொன்று. பல வீடுகளில் கணவனோ மனைவியோ ஒருவர்தான் எல்லாக் கணக்கையும் தலையில் வைத்திருக்கிறார். அவர் நோயில் விழுந்தால், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது, எந்தச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. இறுதிச் சடங்கு முடிந்த கையோடு இந்தக் குழப்பத்தில் அகப்பட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கையால் எழுதினால் மூன்றாம் மாதம் கைவிட்டுவிடுவோம். ஆகவே தொகையையும் திகதியையும் வங்கிக் கோப்பு எழுதட்டும். "எதற்காக" என்பதை மட்டும் நாம் எழுதுவோம். கோப்பை இறக்குவதன் பயன் இதுதான்.

எந்தக் கோப்பு, எந்த மென்பொருள்

மூன்று வகைக் கோப்புகளைக் காண்பீர்கள். பழையது கியூ.ஐ.எவ். இது குயிக்கன் என்ற அமெரிக்க மென்பொருளுக்காக உண்டானது. அடுத்தது ஓ.எவ்.எக்ஸ். இதை 1997இல் மைக்ரோசொப்ற், இன்ருயிற், செக்பிறீ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தன. இதில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு தனி அடையாள இலக்கம் உண்டு. அதனால் ஒரே கோப்பைத் தவறுதலாக இரண்டு தடவை இறக்கினாலும் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது சி.எஸ்.வி. இது வெறும் அட்டவணை: ஒரு வரியில் ஒரு கொடுக்கல் வாங்கல், இடையில் ஒரு குறி. நோர்வே வங்கிகளில் சாதாரண வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த சி.எஸ்.வி. அல்லது எக்ஸெல் கோப்புத்தான்.

மென்பொருளுக்கு வருவோம். ஒரு காலத்தில் பலர் வைத்திருந்த மைக்ரோசொப்ற் மணியின் விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டது. நான் சிபாரிசு செய்வது குனூகாஷ். 1998இல் முதற் பதிப்பு வந்தது, இலவசம், மூன்று வகைக் கோப்பையும் ஏற்கும். ஊரில் வர்த்தகம் படித்தவர்களுக்கு இது பழக்கமான வீடு போல இருக்கும், ஏனென்றால் அது இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு பக்கம் உண்டு: பணம் ஒரு கணக்கிலிருந்து போனால் இன்னொரு கணக்கில் அது வந்திருக்க வேண்டும். கணக்கியல் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். "எங்கிருந்து, எதற்கு" என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

இறக்குமுன் பார்க்கவேண்டியவை

சி.எஸ்.வி. கோப்பை இறக்கும்போது மென்பொருள் சில கேள்விகள் கேட்கும். அவசரப்பட்டு "ஓம், ஓம்" என்று அழுத்திக்கொண்டு போனால் கணக்குக் குழம்பும். ஐந்து இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, பிரிக்கும் குறி. நோர்வேக் கோப்புகளில் நிரல்களைப் பிரிப்பது பெரும்பாலும் அரைப்புள்ளி, காற்புள்ளி அல்ல.

இரண்டு, தசமம். ஊரில் நாங்கள் ஆயிரத்தைப் பிரிக்கக் காற்புள்ளியும் தசமத்துக்குப் புள்ளியும் போட்டுப் படித்தோம். நோர்வேயில் தசமத்துக்குத்தான் காற்புள்ளி. 1500,50 என்று கோப்பில் இருப்பதை, ஆங்கில அமைப்பில் உள்ள மென்பொருள் காற்புள்ளியைத் தள்ளிவிட்டு 150050 என்று வாசிக்கலாம். கடைக்குப் போன ஆயிரத்து ஐந்நூறு ஒன்றரை இலட்சமாகிவிடும். தசமக் குறி காற்புள்ளி என்று தெரிவுசெய்யுங்கள்.

மூன்று, திகதி. 03.04.2025 என்பது இங்கே ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் அது மார்ச் 4. பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு வருபவற்றில் மென்பொருள் பிழை காட்டும், ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. ஆனால் முதல் பன்னிரண்டு நாள்கள் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கைத் தெரிவுசெய்தபின் முதல் சில வரிகளைக் கண்ணால் பாருங்கள்.

நான்கு, எழுத்து. நோர்வேஜிய மொழியில் ஆங்கிலத்தில் இல்லாத மூன்று எழுத்துகள் உண்டு. குறியாக்கம் பிழைத்தால் அவை விசித்திரமான குறிகளாக வரும். குறொன்லாண்ட் என்ற பெயரே சிதைந்துவிடும். அங்குள்ள கடைக்கு நீங்கள் கொடுத்த தலைப்பை மென்பொருள் அடுத்த மாதம் அடையாளம் காணாது. யூ.ரி.எவ்-8 சரிவராவிட்டால் ஐ.எஸ்.ஓ. 8859-1 ஐத் தெரிந்து பாருங்கள்.

ஐந்து, எக்ஸெல். சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெலில் திறந்து, சேமித்து, பிறகு இறக்க வேண்டாம். கட்டணச் சீட்டில் உள்ள கிட் இலக்கம் 25 இலக்கங்கள் வரை போகலாம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருக்கும். மீதியைப் பூச்சியம் ஆக்கிவிடும். எந்தக் கட்டணம் கட்டினோம் என்று நிரூபிக்கும் இலக்கம் அதோடு போய்விடும். வங்கியிலிருந்து வந்த கோப்பை வந்தபடியே வைத்திருங்கள்.

இன்னும் ஒன்று: முடிந்த மாதத்தை மட்டும் தரவிறக்கம் செய்யுங்கள், முதலாம் திகதியிலிருந்து கடைசித் திகதிவரை. அட்டையால் வாங்கியது முதலில் ஒதுக்கப்பட்ட தொகையாகத் தெரியும், சில நாள்களின் பின்னரே உறுதியாகப் பதியப்படும். அரைகுறையாக இறக்கினால் ஒரே செலவு இரண்டு தடவை வரக்கூடும். சி.எஸ்.வி. கோப்பில் அடையாள இலக்கம் பொதுவாக இல்லாததால் இதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

ஒரு மாதக் கணக்கு

இப்போது ஓர் உதாரணம். மாதத் தொடக்கத்தில் கணக்கில் 12,400 குரோணர். கைக்கு வந்த சம்பளம் 31,000. போனவை: வீட்டுக்கடன் 14,500; சாப்பாட்டுச் சாமான் 6,300; ஊருக்கு அனுப்பியது 4,000; விப்ஸ் மூலம் கட்டிய சீட்டு 3,000; கையில் எடுத்த காசு 2,000; சேமிப்புக் கணக்குக்கு மாற்றியது 2,500. மொத்தம் 32,300. மாத முடிவில் மீதி 11,100.

கோப்பை மட்டும் பார்த்தால் இந்தக் குடும்பம் சம்பளத்தைவிட 1,300 குரோணர் கூடச் செலவழித்திருக்கிறது. இது உண்மையா? இல்லை. சேமிப்புக்குப் போன 2,500 செலவல்ல. ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பைக்குப் போனது. வீட்டுக்கடனில் வட்டி 9,500 என்றால் மிச்சம் 5,000 கடனைக் குறைத்திருக்கிறது, அதுவும் செலவல்ல. வங்கிக் கோப்பில் இது ஒரே வரியாக வரும். கடன் விபரத்தைப் பார்த்து நீங்கள்தான் இரண்டாகப் பிரிக்கவேண்டும். அப்போதுதான் வரி அறிக்கையில் ஏற்கனவே நிரப்பி வரும் வட்டித் தொகையையும் சரிபார்க்கலாம்.

சீட்டு இன்னும் சிக்கலானது. பத்துப் பேர் மாதம் 3,000 கட்டும் சீட்டை எடுத்துக்கொள்வோம். எடுக்கும்வரை நீங்கள் கட்டுவது மற்றவர்களிடம் உங்களுக்கு உள்ள பணம், ஆகவே சொத்து. கழிவு போக 27,000 உங்கள் கைக்கு வந்தால், மென்பொருள் அதை வருமானம் என்று நினைக்கும். அது வருமானம் அல்ல. முன்பு கட்டியது திரும்பி வருகிறது, மிச்சம் இனிமேல் கட்டவேண்டிய கடன், கழிவு மட்டும் செலவு. "சீட்டு" என்று ஒரு தனிக் கணக்குத் திறந்து, கட்டுவதையும் எடுப்பதையும் அதற்குள்ளேயே எழுதுங்கள். பெரிய தொகை ஒன்று திடீரென்று வந்தது ஏன் என்று வங்கி கேட்டால், முன்பு கட்டிய மாதங்கள் ஒவ்வொன்றையும் திகதியோடு காட்டலாம்.

ஆக, இந்தக் குடும்பத்தின் உண்மையான செலவு 21,800; மிச்சம் 10,500 கடன் குறைந்ததும் சேர்ந்த பணமும். "காசு நிக்குதில்லை" என்று சண்டை பிடிக்கும் வீட்டில் இந்த இரண்டு எண்களும் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

ஊருக்கு அனுப்புவதற்கும் ஒரே தலைப்புப் போதாது. அம்மா அப்பா செலவு, வீடு காணி, கொடுத்த கடன், கோயிலும் நன்கொடையும் என்று நான்காவது வையுங்கள். குனூகாஷ் உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்துப் பழகி, அடுத்த தடவை தானே தலைப்பைக் காட்டும். மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் அது நன்றாகப் பொருந்தும். பணம் அனுப்பும் நிறுவனத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்; பெயர் ஒன்று, காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு.

இணக்கம் பார்த்தல்

வர்த்தகம் படித்தவர்களுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று நினைவிருக்கும். வீட்டுக்கும் அதுதான். தொடக்க மீதியை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். மாத முடிவில் மென்பொருளின் மீதியும் வங்கியின் மீதியும் ஒரு சதம் பிசகாமல் ஒத்துவரவேண்டும். வராவிட்டால் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். அது கோப்பில் உள்ள ஒரு தொகைக்குச் சமமென்றால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கலாம் அல்லது இரட்டித்திருக்கலாம். ஒரு தொகையின் இருமடங்கென்றால் வரவும் செலவும் மாறி விழுந்திருக்கலாம். சில வங்கிகள் வந்ததையும் போனதையும் தனித்தனி நிரலில் தருகின்றன. அங்கேதான் இது நடக்கும். தலைப்புக் கொடுக்காத தொகைகளைக் குனூகாஷ் ஒரு தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கும். அது பூச்சியமாகும்வரை மாதத்தை முடிக்க வேண்டாம்.

பாதுகாப்பு

இந்தக் கோப்பில் உங்கள் வீட்டு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. கோப்பு வகையை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத இணையத்தளங்களுக்கு அதை அனுப்பவேண்டாம். கணனியில் கடவுச்சொல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கோப்பைத் தரவிறக்க உதவும் பிள்ளையாக இருந்தாலும் பாங்க்-ஐடி கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டாம். பக்கத்தில் இருந்து காட்டித் தரட்டும்.

எல்லாக் கணக்கையும் ஒரேயடியாகத் தொடங்கத் தேவையில்லை. சம்பளம் வரும் கணக்கு ஒன்றை எடுத்து, சென்ற மாதத்தை மட்டும் இறக்கிப் பாருங்கள். முதல் மாதம் ஒரு பின்னேரம் போகும். பழகியபின் அரைமணித்தியாலம் போதும். தலைப்புக் கொடுக்கும் அந்த நேரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருங்கள். "இது எதற்காக?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, அங்கேயே எழுதிவிடுங்கள். ஒருவர் தலையில் மட்டும் இருந்த கணக்கு அன்றிலிருந்து வீட்டுக்குச் சொந்தமாகிவிடும்.