கருந்துளைக்குக் கணக்குப் போட்ட விளையாட்டுப் பெட்டி!

கருந்துளைகளை ஆராய சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும், அதற்குக் காசு? 2007-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழக இயற்பியலாளர் கௌரவ் கன்னா, எட்டு பிளேஸ்டேஷன்-3 பெட்டிகளை கேபிளால் இணைத்து, லினக்ஸ் ஏற்றினார். கணக்கு ஓடியது!

காரணம், உள்ளே இருந்த 'செல்' சிப். ஒரு மேஸ்திரி, ஆறு வேலையாட்கள் மாதிரி, ஒரு தலைமை கோரும் கணக்கு மட்டுமே போடும் ஆறு துணை கோர்களும் லினக்ஸுக்குக் கிடைத்தன. மெமரிதான் சுண்டைக்காய், வெறும் 256 எம்.பி.! வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் தரவேண்டும்.

2010 ஏப்ரல் 1... பாதுகாப்பைக் காரணம் காட்டி, லினக்ஸ் வசதியை அப்டேட் மூலம் நீக்கியது சோனி. ஏப்ரல் ஃபூல் இல்லை, நிஜம்! அப்டேட் செய்தால் லினக்ஸ் போச்சு. செய்யாவிட்டால் ஆன்லைன் விளையாட்டு போச்சு. காசு கொடுத்து வாங்கியவர்கள் கோர்ட் படியேறினார்கள். அதே ஆண்டு 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளை இணைத்த அமெரிக்க விமானப்படைக்கோ வேறு கவலை. ஒன்று பழுதானால், லினக்ஸ் ஏறும் பழைய பெட்டிக்கு எங்கே போவது?