மலையக வீடுகளும் கட்டும் கைகளும்

வீடு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று குடியிருக்கும் மனை. மற்றொன்று துன்பத்தினின்று விடுதலை. 12 அடி நீளமும் 10 அடி அகலமுமுள்ள காம்பராவிலே மூன்று தலைமுறையாக வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இவ்விரண்டும் ஒன்றேயாம். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் அவர்தம் நாவிலே 'லயம்' என்றாயிற்று. குதிரை கட்டும் லாயத்திற்கும் இதற்கும் உறவில்லை என்று தமிழாசிரியனாகிய யான் வகுப்பிலே கூறுவதுண்டு. உடப்புசல்லாவை மாணவர் அதனை நம்புவதில்லை.

இந்நாட்டில் வீடமைப்புத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1979 இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை தோன்றிற்று. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் கடனும் ஆலோசனையும் நல்கி, வீட்டைக் குடும்பத்தார் தாமே கட்டிக்கொள்ளச் செய்தது. ஆனால் தன் வீட்டைத் தான் கட்டுதற்குத் தன் நிலம் வேண்டுமன்றோ? தோட்டத் தொழிலாளிக்கு அஃது இல்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும் தோட்ட எல்லைக்குள் சபைகள் பணி செய்வதற்குத் தடையாயிருந்தது. 2018 இலேதான் அது திருத்தப்பெற்றது.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பின்னரே நாடு விழித்தது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னுங் கொள்கை வலுப்பெற்றது. இந்திய அரசின் உதவியால் முதலில் 4,000 வீடுகள் எழுந்தன. இரண்டு படுக்கையறை, சமையலறை, மலசலகூடம் ஆகியவற்றுடன் ஒவ்வொன்றும் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பெற்ற மேலும் 10,000 வீடுகளுக்கோ, 2024 பெப்ரவரியிலேதான் தொடக்கம் வாய்த்தது. இடையிலே விலைவாசி ஏறிவிட்டமையால் வீடொன்றுக்குரிய தொகையை 28 இலட்சம் ரூபாயாக உயர்த்த நேர்ந்தது.

பணம் ஒருபுறமிருக்க, கட்டுவோர் யார் என்னும் வினாவை நாம் போதிய அளவு கேட்பதில்லை. சமவெளியில் வீடு கட்டுவது வேறு. மலைச்சரிவிற் கட்டுவது வேறு. மண்சரிவு அபாயமில்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சான்று தரல்வேண்டும். சரிவை வெட்டி, தாங்குசுவர் எழுப்பி, நீர் வடியக் கான் அமைத்த பின்னரே அத்திவாரம். லொறி ஏறாத இடத்துக்கு மணலும் சீமெந்தும் தலைச்சுமையாகச் செல்லும். ஆதலின் இங்கு நல்ல மேசனும் அனுபவமுள்ள கையாளும் இன்றியமையாதவர்.

அவர்கள் எங்கே? கொழும்பில்! என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் சாதாரண தரப் பரீட்சையின் பின் அங்கே கையாளாகச் சேர்ந்து, மேசனாக உயர்ந்தான். தீபாவளிக்கு வந்தபோது, "சேர், பதினாறாம் மாடிக்குச் சுவர் கட்டினேன். எங்கள் லயத்துத் தகரத்தை மாற்றத்தான் வழியில்லை" என்றான். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த நிலையில், அவன் சென்றதைக் குறை கூற யான் துணியேன்.

அவன்போன்றோர் கையிலே தொழில் உண்டு, கடதாசி இல்லை. கடதாசியில்லாதவனை ஒப்பந்தக்காரர் கையாளாகவே கணக்கிடுவர். தேசிய தொழிற்றகைமை முறையிலே இதற்கு வழியுண்டு. வகுப்பிற் பயிலாது வேலைத்தலத்திற் கற்றவனையும் பரீட்சித்து, அவன் திறமைக்கேற்ற சான்றிதழ் வழங்குவர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இதனைச் செய்கின்றது. மலையகப் பெற்றோர் பலர் இதனை அறியார். ஆசிரியராகிய நாமும் எடுத்துரைத்தோமல்லேம்.

மற்றொன்று. அற்றன் பகுதியிலே தென்மேல் பருவமழை மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை வேலையைக் கெடுக்கும். உடப்புசல்லாவையில் அக்காலம் பெரும்பாலும் காய்ச்சற் காலம். இங்கு மழை வடகீழ்ப் பருவத்தோடு வரும். தேர்ந்த மேசன் குழுவொன்று இருபுறமும் மாறிச் சென்றால் ஆண்டின் பெரும்பகுதி வேலையுண்டு. கொழும்பு செல்லுந் தேவையுங் குறையும். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தகைய குழுக்களை அமைக்கலாம். நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் ஒப்பந்தக்காரரும் உளர். அவர்கள் ஆளுக்கு இருவரைப் பயிலுநராக ஏற்பரேல் தொடக்கத்திற்கு அதுவே போதும்.

அம்மாணவன் சென்ற ஆண்டு சான்றிதழுக்கு விண்ணப்பித்துள்ளான். அவன் தாய்க்கென ஒதுக்கிய ஏழு பேர்ச்சில் மண் வெட்டியாயிற்று. தாங்குசுவர் இன்னும் எழவில்லை.