அப்பாவின் டிராம்போனும் ஒரு சாண் குழாயும்

அரை நாள் லீவு லெட்டரை இங்கிலீஷில் எழுதியதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் ஹெட்கிளார்க் அதை 'லெட் பைப்' என்று படித்துவிட்டு அலறினார். "ஈயக் குழாயை வாயில வெச்சா ஊதறே? உடம்பு என்னத்துக்காகும்?"

ஈயம் இல்லை சார். 'லீட் பைப்'. மூச்சை உள்ளே அழைத்துப் போகும் குழாய்.

டிராம்போன் பார்த்திருப்பீர்கள். போலீஸ் பேண்டில் முதல் வரிசையில், குழாயை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஊதுவார்களே, அது. (பின்வரிசையில் விட்டால் முன்னால் போகிறவர் முதுகு பழுத்துவிடும்!) வாய் வைக்கிற மௌத்பீஸைச் செருகும் இடத்தில், ஸ்லைடு குழாய்க்குள்ளே இன்னொரு குழாய் ஒளிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். போகப்போகக் குறுகி, பிறகு மெல்ல விரியும். அதுதான் லீட் பைப். அந்தக் குறுகலான இடம் கொஞ்சம் அகலமாக இருந்தால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் வாசிப்பவருக்குப் பிடிமானம் குறையும். இறுக்கமாக இருந்தால் பிடிமானம் கிடைக்கும். சத்தம் சற்று ஒடுங்கும். தலைமுடி அளவு வித்தியாசம்தான். உதட்டுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு வந்த டிராம்போன் அப்பாவுடையது. நாகர்கோவிலில் சர்ச் பேண்டில் நாற்பது வருஷம் ஊதியது. கொஞ்ச நாளாக மேல் ஸ்வரங்கள் சளி பிடித்த மாதிரி கரகரத்தன. எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரர் பாயிடம் போனேன். ஸ்லைடைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அரிச்சிருச்சு தம்பி."

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். மூச்சின் ஈரமும் எச்சிலும் சேர்ந்து துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மிச்சம் நிற்பது பஞ்சு மாதிரி செம்பு. இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

வெளிநாட்டில் இதற்குச் சுலப வழி வைத்திருக்கிறார்கள். 1995ல் அமெரிக்காவில் தொடங்கிய ஷயர்ஸ் கம்பெனியின் டிராம்போன்களில் லீட் பைப்புக்கு மரையே உண்டு. திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பித்தளை, வெள்ளி என்று ரகம் ரகமாக வைத்துக்கொண்டு சட்டை மாற்றுவது போல மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பாவுடையதோ பற்றவைத்தது. எடுக்க வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும். பற்று இருநூறு டிகிரிக்குள் இளகிவிடும். ஆனால் பக்கத்திலேயே ஸ்லைடின் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் பற்றும் இருக்கிறதே! அதுவும் இளகிக் குழாய் ஒரு மயிரிழை விலகினால் போச்சு, ஸ்லைடு சிக்கும்.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"எடுத்தா பழைய சத்தம் போயிரும்லே."

"எடுக்காட்டா ஸ்லைடு குழாயும் அரிச்சிரும்னு சொல்றாருப்பா."

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, பாத்துச் செய்யச் சொல்லு."

பாய் வெர்னியர் வைத்து அளந்தார். குழாயின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர். அதற்குப் பொருந்துகிற பைப்பை அமெரிக்காவில் இருக்கும் சித்தி பையன் வாங்கி அனுப்பினான். அந்த அரை நாள் லீவில்தான் ஆபரேஷன். குறுக்குக் கம்பியைச் சுற்றி ஈரத்துணி. மேல்முனையில் மட்டும் தீ. உள்ளே ஒரு டேப்பைத் திருகிப் பிடிமானம் ஏற்றி, பாய் மெல்லச் சுழற்றி இழுத்தார். எனக்கு வயிற்றுக்குள் என்னமோ செய்தது. 'சளுக்'கென்று வெளியே வந்தது. பச்சை படிந்து, ஓரமெல்லாம் பொத்தல். ஆறிய பிறகு ஸ்லைடைப் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது.

புதியதைப் பற்றவைக்காமல் இறுக்கமாகச் செருகினார். "நாளைக்கு மாத்தணும்னா மறுபடியும் தீ வேணாம் பாருங்க" என்றார்.

உங்களிடம் டிராம்போன் இருந்தால் பாய் சொன்ன மூன்று விஷயம்: மாதம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் கழுவுங்கள். காபி குடித்த வாயோடு ஊதாதீர்கள். பைப் இறுகிக்கொண்டால் கொறடு போடாதீர்கள். நான் சேர்ப்பது நாலாவது: வெறும் ஆசைக்காக வாரம் ஒரு பைப் மாற்றாதீர்கள். ஒன்றை மாட்டி ஒரு வாரமாவது ஊதுங்கள். குறை பைப்பிலா, பிராக்டிஸிலா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் அப்பா எதிரில் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பைப் நல்லாருக்கு. ஊதுறவன்தான் அதே பழைய சோம்பேறி."

பழைய பைப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையில் விரலை வைத்துத் தடவினார்.

"என் மூச்சுதாம்லே இதைத் தின்னுருக்கு" என்றார். பிறகு, கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், பைபிள் மேல் அதை வைத்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.