ரீட்லியிலிருந்து போன மின்னஞ்சல்கள்

கலிஃபோர்னியாவின் நடுவே, வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஃபயர்பா. 2014இல் அங்கே பள்ளிப் படிப்பை முடித்த ஜோஷ் ஆலன் ஒரு விவசாயியின் மகன். பந்தை வெகுதூரம் வீசுவார்; ஆனால் ஆள் ஒல்லி. பக்கத்திலிருந்த ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆட வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை, வேறு எந்தப் பெரிய கல்லூரியிலிருந்தும் வரவில்லை.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. உயர்நிலைப் பள்ளிகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆடுகிறார்கள். சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவே 80,000 டாலரைத் தாண்டும் நாட்டில், கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் ஏற்கும் ஸ்காலர்ஷிப் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் கதவு குறுகலானது. கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில், முதல் பிரிவின் முதல் வரிசையில் இருக்கும் கல்லூரிகள் ஏறத்தாழ 130. கல்லூரிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்பதே 2025 வரை பல ஆண்டுகளாக உச்சவரம்பாக இருந்தது. அதாவது, எல்லா ஆண்டு மாணவர்களையும் சேர்த்தே சுமார் 11,000 இடங்கள்தான் இருந்தன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை.

உடல்வலு மட்டும் போதாது. முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் 4க்கு 2.3 சராசரியாவது வாங்கியிருக்க வேண்டும். தன் ஆட்டத்தின் நல்ல தருணங்களை வெட்டி ஒட்டி வீடியோவாக்கி, பயிற்சியாளர்களுக்கு மாணவரே அனுப்புகிறார். கோடை முகாம்களுக்குப் போய் ஓடிக் காட்டுகிறார். பயிற்சியாளர் வாய்மொழியாக ‘ஆஃபர்’ கொடுத்தாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. டிசம்பரில் கையெழுத்தாகும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அழைப்பு வராத ஆலன், ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். உயரமும் எடையும் கூடின. முதல் வரிசைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். ஆஃபர் கொடுத்தவை இரண்டே: கிழக்கு மிச்சிகன், வயோமிங். வயோமிங்குக்குப் போனவரை, தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2018ஆம் ஆண்டுத் தேர்வில் பஃபலோ பில்ஸ் அணி ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2024 பருவத்தில் நாட்டின் தொழில்முறை லீகிலேயே மிகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே.

பதினேழு வயதில் ஓர் உடலைப் பார்த்து, அது இருபதில் என்னவாகும் என்று யாரால் சொல்ல முடியும்? தாமதமாக வளரும் பையன்கள்தான் இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுகிறார்கள். இப்போது நெருக்கடி இன்னும் கூடிவிட்டது. கல்லூரி விளையாட்டு வழக்கொன்றில் 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி 85 என்ற வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்றானது. ஸ்காலர்ஷிப் கூடலாம், ஆனால் சொந்தச் செலவில் சேர்ந்து, கடைசி வரிசையில் நின்று திறமை காட்டியவர்களுக்கான இடம் சுருங்கிவிட்டது. 2018இல் வந்த ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழியே வீரர்கள் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. இன்று ரீட்லியிலிருந்து ஒரு பையனின் மின்னஞ்சல் போய்ச் சேரும் மேசையில், பெரிய கல்லூரிகளில் ஏற்கெனவே இரண்டு, மூன்று ஆண்டு ஆடி முறுக்கேறிய வீரர்களின் பட்டியலும் காத்திருக்கிறது.